அங்கேயே இரு

ஃபெர்ன்ஹோப்,
செப்டம்பர் 19

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

ஊரெல்லாம் தூங்கும் நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் மடியில் கிடக்கும் டெஸ். கீழ்ப்பல் முளைக்கிறது. தோளில் போட்டு நடந்தால் கண்ணை மூடுகிறாள், நான் உட்கார்ந்தால் உடனே திறந்துவிடுகிறாள். இப்போது ஏதோ இரக்கப்பட்டுத் தூங்குகிறாள். நீங்கள் நலமா? முட்டிவலி எப்படி இருக்கிறது?

எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கடல் தாண்டி வந்தபோது பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு நாம் பேசியதே இல்லை. உங்கள் வீட்டில் குடியேறிவிட்டு உங்களுக்கு ஒரு வரி எழுதாமல் இருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வீடு நன்றாக இருக்கிறது. இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த வீடு மாதிரியே இல்லை. ஆடுகளை நெவில் வாங்கி வந்துவிட்டான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே உங்கள் ரோஜாச் செடி இன்னும் உயிரோடு இருக்கிறது. யார் தண்ணீர் ஊற்றினார்களோ தெரியவில்லை.

நெவில் வந்த வாரமே, உங்கள் கணவர் இருந்த அதே தொண்டர் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டான். அண்ணன் கார்டன் இருந்த இடத்தில் தம்பி என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். "தீ வந்தா நீ வண்டியில ஏறி அடுத்தவன் வீட்டைக் காப்பாத்தப் போயிடுவே. நம்ம வீட்டை யாரு காப்பாத்தறது?" என்று கேட்டேன். "நீதான்" என்று சிரிக்கிறான். "இது ஏற்கெனவே ஒரு பெரிய தீயில நின்ன வீடு, மெரின். நோரீன் உள்ளேயே இருந்தாங்க, ஒரு கீறல் இல்லாம வெளிய வந்தாங்க. கதவைச் சாத்திட்டு உள்ள இரு. நான் வந்துடுவேன்" என்கிறான்.

நான் நகரத்தில் வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டை எப்படித் தயார் செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேட்கலாமா? அன்று நீங்கள் எந்த அறையில் இருந்தீர்கள்? எந்த அறை பத்திரம் என்று தெரிந்தால் டெஸ்ஸின் தொட்டிலை இப்போதே அங்கே போட்டுவிடுவேன்.

சமையலறை அலமாரியில் இருந்த படையின் பழைய வயர்லெஸ் பெட்டியைத் துடைத்து மாட்டியிருக்கிறான் நெவில். பேசவும் செய்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மெரின்


அக்டோபர் 3

அன்புள்ள மெரினுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். பல் முளைக்கும் குழந்தைக்கு ரொட்டியின் காய்ந்த ஓரத்தைக் கையில் கொடு, கடிக்கட்டும்.

கேட்டதற்குச் சொல்கிறேன். கூரை ஓரத்து வாய்க்காலில் விழும் இலையை வாராவாரம் அள்ளு. வெப்பக்காற்று நாளில் இறங்கு குழாய்களின் வாயை டென்னிஸ் பந்தால் அடைத்து வாய்க்காலில் தண்ணீர் நிரப்பு. குளியல் தொட்டியையும் நிரப்பு. கம்பளி தவிர வேறு எதையும் போர்த்திக்கொள்ளாதே, நைலான் உருகித் தோலோடு ஒட்டும். வராந்தா ஓரம் விறகு அடுக்காதே. தைல மரப்பட்டைகள் நீள நீளமாகத் தொங்கும், எட்டும் வரைக்கும் உரித்துப் போடு. வடக்கிலிருந்து காற்று அடிக்கும்வரை தீ தெற்கே போகும். சாயங்காலம் காற்று மாறும். அப்போது தீயின் நீண்ட பக்கவாட்டு முழுக்க முன்முகமாகிப் பாயும். சாவெல்லாம் அந்த நேரத்தில்தான்.

வயர்லெஸ்ஸைக் கேட்பதோடு நிறுத்திக்கொள். மைக்கின் பொத்தானை அழுத்தாதே. எதற்காகவும் அழுத்தாதே.

ரோஜாவை ஆடிக் காற்றுக்கு முன்னால் வெட்டிவிடுவது என் வழக்கம் என்று எழுத வந்தேன். அங்கே ஆடி குளிர்காலம் என்பதே மறந்துவிட்டது பார். அடுத்த குளிர் முடிவதற்குள் வெட்டு.

டெஸ்ஸுக்கு முத்தம்.
நோரீன்


ஃபெர்ன்ஹோப்,
நவம்பர் 8

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். இறங்கு குழாயில் பந்தை அடைத்ததும் எங்கள் நாய் பிஸ்கி கீழே நின்று ஒரு மணி நேரம் குரைத்தது, அதன் பந்தை நான் திருடிவிட்டேனாம். உங்களுக்கு உடம்பு பரவாயில்லையா? பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றுகொண்டே வேலை என்றால் முட்டி எப்படித் தாங்கும்?

எந்த அறை என்று கேட்டிருந்தேன். மறந்துவிட்டீர்கள் போல.

நேற்று இந்தப் பருவத்தின் முதல் தீத்தடை நாள், வெளியே யாரும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது. காலையிலேயே வானம் பித்தளை நிறத்தில் இருந்தது. மாக்பை பறவைகள் வாயைத் திறந்தபடி வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்தன, சத்தமே போடவில்லை. நெவில் படைக் கொட்டகைக்குப் போய்விட்டான். நான் டெஸ்ஸைச் சமையலறைத் தரையில் ஈரத்துணியில் கிடத்திவிட்டு வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தேன். படைத் தலைவர் கிளாரி எந்த வண்டி எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். யாரோ சாண்ட்விச்சில் வெண்ணெய் போதவில்லை என்று திட்டினார்கள். பிறகு எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள்.

அப்போது ஒரு ஆண்குரல். எனக்குப் பழக்கமில்லாத குரல், அவசரமே இல்லாத குரல், நம் வீட்டின் பெயரைச் சொல்லி. "ஃபெர்ன்ஹோப், ஃபெர்ன்ஹோப். அங்கேயே இரு. வந்துட்டிருக்கேன்."

நெவிலுக்கு ஏதோ ஆகி, வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். டெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சாலையில் புழுதிகூட இல்லை. ரொம்ப நேரம் நின்றேன். யாரும் வரவில்லை.

சாயங்காலம் நெவிலிடம் சொன்னேன். "எங்க வண்டியில எல்லாரும் காது குடுத்துட்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் ஃபெர்ன்ஹோப்பைக் கூப்பிடலை" என்றான். "வெயில்ல மண்டை காஞ்சிருக்கும் உனக்கு" என்றும் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ராத்திரி அவன் எழுந்து போய் வயர்லெஸ்ஸுக்கு முன்னால் நின்றதை நான் பார்த்தேன்.

அந்தக் குரல் யாருடையதாக இருக்கும், அக்கா? பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் ஒரு ஃபெர்ன்ஹோப் இருக்கிறதா?

பதிலை எதிர்பார்த்து,
மெரின்


ஃபெர்ன்ஹோப்,
நவம்பர் 27

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். உங்களுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று கவலையாக இருக்கிறது. டெஸ் தவழாமலே எழுந்து நிற்கிறாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, யாரையோ மிரட்டுவதுபோல்.

மறுபடியும் வெப்பக்காற்று வந்தது. மறுபடியும் அந்தக் குரல். இந்தமுறை நெவில் வீட்டில் இருந்தான், டீக்கு வந்திருந்தான். அந்த ஆள் பேசத் தொடங்கியதும் நெவிலின் முகம் சாம்பலாகிவிட்டது. எட்டி வயர்லெஸ்ஸை அணைத்தான். "யாரு நெவ் அது?" என்றேன். "காத்துல அலை பிசகும். எங்கேயோ பேசறது எங்கேயோ கேட்கும்" என்றான். பிறகு அந்த வெயிலில் போய் விறகு பிளந்தான், தீத்தடை நாளில், கோடையில், யாருக்கும் தேவையில்லாத விறகு.

தபால்தலை வாங்கப் போனபோது கடைக்கார கிளெனிஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை உங்களிடம் மறைத்து வைத்துக்கொண்டு என்னால் எழுத முடியாது.

"அந்த வீட்டுலயா குழந்தையோட இருக்கே?" என்றாள்.

"ஏன், நின்ன வீடுதானே?"

"வீடு நின்னுச்சு, கண்ணு. படை வண்டி நிக்கலையே, எரிஞ்சு போச்சு. கார்டனோட அந்த வண்டியில என் தம்பி லெஸ்ஸும் இருந்தான். தெரியுமா?"

தெரியாது. தன் அண்ணன் தீயில் இறந்தார் என்று மட்டும்தான் நெவில் சொல்லியிருந்தான்.

"எரிஞ்சு முடிஞ்ச கறுப்பு நிலத்துல நின்ன வண்டி அது. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்துல கிடையாது. எரிஞ்ச இடத்தை நெருப்பு திரும்பிப் பார்க்காது. அதை விட்டுட்டு உங்க வீட்டு ரோட்டுல ஏன் திரும்பினாங்க? காத்து மாறுற நேரத்துல? யாரோ கூப்பிடாம திரும்புவாங்களா?"

அவளே மீதிச் சில்லறையை என் கையில் வைத்து, கையை மூடிவிட்டு, "நீ நல்ல பொண்ணாத் தெரியறே. போகணும்னா சீக்கிரமே போயிடு. போகும்போது கேட்ல வெள்ளைத் துணி ஒண்ணு கட்டிட்டுப் போ. உள்ள ஆள் இல்லைன்னு வண்டிக்காரங்களுக்குத் தெரியணும். அந்த வருஷத்துக்கு அப்புறம் இங்க அதுதான் வழக்கம்" என்றாள்.

கிளெனிஸ் சொன்னது உண்மையா என்று நான் கேட்கவில்லை, அக்கா. நீங்கள் நலமா என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள்
மெரின்


டிசம்பர் 12

அன்புள்ள மெரினுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பள்ளிக்கூடத்தில் ஆண்டு இறுதி, வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வடக்குக் காற்று அபூர்வம்தான். ஆனால் அடித்தால் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது, ஒரு வார்த்தை வராது. கூட வேலை செய்யும் பெண்கள், நோரீன் வாயை மூடினால் மழை வரும் என்று கேலி செய்கிறார்கள்.

நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு அடுப்பும் எட்டும், கத்தியும் எட்டும். எல்லாவற்றையும் மேலே ஏற்று.

கிளெனிஸ் கடையில் இன்னும் பழைய மாவைத்தான் விற்கிறாளா? சலித்துப் பயன்படுத்து.

அந்தக் குரலைப் பற்றி எழுதியிருந்தாய். பேசுவதற்கு முன்னால் அவர் இருமுவாரா? பெரிய இருமல் இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல, இரண்டு முறை. இதற்கு மட்டும் பதில் எழுது.

பள்ளத்தாக்கில் வேறு ஃபெர்ன்ஹோப் கிடையாது.

கிளெனிஸ் உனக்குச் சொன்ன யோசனை சரி. புகை தெரிந்த பிறகு புறப்படுகிறவர்கள் சாலையில் சாகிறார்கள். காலையில், ஒன்றுமே இல்லாதபோது, எல்லோரும் சிரிக்கும்போது புறப்பட வேண்டும். யாருக்காகவும் காத்திருக்காதே. நீ காத்திருக்கிறாய் என்று தெரிந்தால் நெவில் வருவான்.

நோரீன்


ஃபெர்ன்ஹோப்,
டிசம்பர் 22

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

உங்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கேக் அனுப்ப நினைத்தேன், இந்த வெயிலில் சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று விட்டுவிட்டேன். டெஸ் உங்கள் பெயரைச் சொல்கிறாள், 'நோ' என்று. அவள் எல்லாவற்றுக்கும் 'நோ' என்றுதான் சொல்கிறாள், ஆனாலும் உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், அக்கா. இருமுகிறார். இரண்டு முறை.

இதை எழுதுவதற்குள் பெட்டியை இருமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன். அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன்.

போன வியாழன் தீத்தடை நாள். உங்கள் பேச்சைக் கேட்டு விடிந்ததும் புறப்பட்டுவிட்டேன். டெஸ், பிஸ்கி, கம்பளிகள், தண்ணீர், எல்லாம் பழைய காரில். வெள்ளைத் துணி என்று தேடினால் டெஸ்ஸின் இடுப்புத்துணிதான் கொடியில் இருந்தது. அதைக் கேட்டில் கட்டினேன். ஹாலோவே ஊர்ப் பொதுமண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். அங்கே நானும் சீட்டாடும் முதியவர் கூட்டமும்தான். பகல் முழுக்கக் காற்று அடித்தது, சாயங்காலம் குளிர்ந்தது. எங்கும் ஒரு குச்சிகூட எரியவில்லை.

திரும்பும் வழியில் படைக் கொட்டகைக்கு முன்னால் எல்லோரும் பீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். கிளாரி என் காரை மறித்து, "என்ன மெரின், பாப்பா துணியைக் கொடியேத்திட்டு சரண்டர் ஆயிட்டியாமே! எதிரி இன்னும் படையெடுக்கவே இல்லையேம்மா!" என்றார். "கழுவின துணிதானே?" என்று இன்னொருவன். நெவிலின் காது சிவந்துவிட்டது. "மாப்ளே, அடுத்த தடவை உன்னையும் அந்தக் கார்ல ஏத்திட்டுப் போயிடப் போறா" என்று அவன் தோளில் இடித்தார் கிளாரி.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"நான் வரேன்னு சொன்னா வருவேன். என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"நீ வருவேங்கிறதுதான் எனக்குப் பயமே, நெவ்."

அவனுக்குப் புரியவில்லை. அல்லது நன்றாகப் புரிந்துவிட்டது. "நான் சொல்றவரைக்கும் கிளம்ப மாட்டேன்னு சொல்லு" என்றான். நான் சொல்லிவிட்டேன். டெஸ் அழுதுகொண்டிருந்தாள், அப்பா அம்மா இருவரும் கத்தியதில் பயந்து. அவளை நிறுத்துவதற்காகச் சொன்னேன். இப்போது சொன்னது சொன்னதாகிவிட்டது.

உங்களைத் தொந்தரவு செய்கிறேன். புத்தாண்டு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

மெரின்


ஜனவரி 4

மெரின்,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

கேட்டில் கட்டிய துணியை வீடு திரும்பியதும் அவிழ்த்தாயா? ஆள் இருக்கும் வீட்டில் துணி தொங்கினால் யாரும் வரமாட்டார்கள். ஆள் இல்லாத வீட்டில் துணி இல்லாவிட்டால் எல்லோரும் வருவார்கள். இரண்டும் ஒரே அளவு மோசம்.

வாக்குக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். அதை நீ வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோபித்துக்கொள்ள ஒரு புருஷன் உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

இருமலைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அவர் குரல் களைப்பாக இருந்ததா? அதை எழுதாதே. தெரிய வேண்டாம்.

நோரீன்


ஃபெர்ன்ஹோப்,
ஜனவரி 23

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

குட்டையில் தண்ணீர் வற்றி ஆடுகள் சேற்றில் சிக்கிக்கொள்கின்றன. காலையில் நெவில் கயிறு கட்டி இழுக்கிறான். மலை முழுக்க நீலமாக ஒரு புகைமூட்டம். புகை இல்லை, தைல மரங்களிலிருந்து கிளம்பும் எண்ணெய் ஆவி என்று நெவில் சொல்கிறான். மூச்சை இழுத்தால் மருந்துக்கடை வாசனை. ராத்திரி பட்டைகள் கூரையில் உரசும்போது யாரோ ஏணி வைப்பது போல் இருக்கிறது.

நேற்று மதியம் வயர்லெஸ்ஸில் மறுபடியும் கூப்பிட்டது. "ஃபெர்ன்ஹோப், ஃபெர்ன்ஹோப். அங்கேயே இரு. வந்துட்டிருக்கேன்." இருமல் இல்லை. அதே வார்த்தைகள், ஆனால் நெவிலின் குரல். அவன் மூக்கால் இழுத்துப் பேசுவானே, அதே இழுப்பு.

நெவில் அப்போது என் எதிரில் உட்கார்ந்து, ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டெஸ் வயர்லெஸ்ஸைக் காட்டி "டாடி" என்றாள். நெவில் ஜாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். ராத்திரி, பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "தீ எங்க இருக்குன்னு வேற எப்படித் தெரியும்?" என்றான். அதுவும் சரிதான்.

இனிமேல் அந்தப் பெட்டியிலிருந்து நெவில் கூப்பிட்டால், அது நெவில்தானா என்று எனக்கு எப்படித் தெரியும், அக்கா?

மெரின்


பிப்ரவரி 1

மெரின்,

தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யாதே. அதற்காகத்தான் பொத்தானை அழுத்தத் தோன்றும். யார் என்று கேட்கத் தோன்றும். நீ கேட்டால் உன் குரல் அந்தப் பக்கம் போகும், அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டுத் திரும்புவார்கள் என்பது உன் கையில் இல்லை.

பெட்டி சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. காலையில் வெளியே வந்து நில். காற்று வடக்கிலிருந்து வந்து உன் உதடு காய்ந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடு. கேட்டில் துணியைக் கட்டு, இறுக்கிக் கட்டு. திரும்பிப் பார்க்காதே.

குழந்தைக்கு என் முத்தம்.
நோரீன்


ஹாலோவே, கிளெனிஸ் வீட்டுப் பின்னறை
பிப்ரவரி 15

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். முதல் வரியிலேயே இதை எழுதிவிடுகிறேன், நீங்கள் செய்தியில் இந்தத் தீயைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். பிஸ்கியும் இருக்கிறது. வீடு இல்லை. புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

நீங்கள் நலமா? இந்தக் கேள்வியை எல்லாக் கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். இந்தமுறைதான் உண்மையாகவே கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

தீ வந்த அன்று விடியும்போதே உதடு காய்ந்திருந்தது. நெவில் கொட்டகைக்குப் புறப்படும்போது, "நான் சொல்றவரைக்கும்…" என்று ஆரம்பித்தான். நான் தலையாட்டினேன். அவன் வண்டி கண்ணிலிருந்து மறைந்ததும் காரில் ஏற்றத் தொடங்கினேன். வானத்தில் ஒரு பொட்டுப் புகைகூட இல்லை. கிளாரி என்ன சொல்வார் என்று நினைத்தேன், வெட்கத்தில் அழுகைகூட வந்தது. கம்பளிகளை எடுக்கக் கடைசியாகச் சமையலறைக்குள் போனபோது பெட்டி பேசியது. நெவில். "மெரின், அங்கேயே இரு. வந்துட்டிருக்கேன்." என் பெயரைச் சொன்னான், அக்கா. அதுவரைக்கும் பெயர் சொன்னதில்லை.

என் கை மைக்கில் இருந்தது. விரல் பொத்தானில் இருந்தது. 'நான் போகிறேன், நீ வராதே' என்று அவனிடம் சொல்லத்தானே போகிறேன், அதில் என்ன தப்பு என்று தோன்றியது. உங்கள் கடிதம் எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. எடுத்த மைக்கைப் பெட்டி மேலேயே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். கேட்டில் டெஸ்ஸின் துணியை மூன்று முடிச்சாகக் கட்டினேன். காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது.

மதியத்துக்கு மேல் மலைக்குப் பின்னாலிருந்து தீ வந்தது. நாங்கள் இருந்த ஹாலோவே மண்டபத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது, அவ்வளவு இருட்டு. கோழிகள் அடையப் போய்விட்டன. கூரையில் எரிந்த இலைகள் முழு வடிவத்தோடு வந்து விழுந்தன, நரம்புகூடத் தெரிந்தது. கிளெனிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ஸைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். காற்று மாறிய சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நெவில் மறுநாள் காலையில் வந்தான். புருவம் இல்லாமல், சிரித்துக்கொண்டு. வந்தவன் என்னைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என்ன நடந்தது என்று அப்போது சொல்லவில்லை. நேற்றுத்தான் சொன்னான்.

அவர்கள் வண்டி ஆற்றோரத்து வெட்டவெளிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆடு மேய்ந்து மொட்டையான நிலம், காற்று மாறினாலும் அங்கே நின்றுகொள்ளலாம். போகிற வழியில்தான் நம் வீட்டுச் சாலை பிரிகிறது, நம் கேட்டும் அங்கேதான். அந்த இடத்துக்கு வரும்போது வயர்லெஸ்ஸில் ஒரு பெண் பேசினாள். "ஃபெர்ன்ஹோப்லேருந்து பேசறேன். சுத்தி வந்துடுச்சு. வந்து கூட்டிட்டுப் போ. சீக்கிரம் வா, சீக்கிரம் வா."

வண்டியில் இருந்த நால்வருக்கும் கேட்டிருக்கிறது. நெவில் கதவைத் திறந்துவிட்டான். ஓட்டிக்கொண்டிருந்த கிளாரி ஒரு கையால் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார். "துணியைப் பாருடா! கேட்ல துணி! அவ உள்ள இல்லை!"

"அவ பேசறாளே, கிளாரி! காது கேக்கலையா? விடுய்யா!"

"கேக்குது. எனக்கும் கேக்குது. கதவைச் சாத்துடா!"

நெவில் அவரை அடித்துவிட்டான். கிளாரியின் உதடு இன்னும் வீங்கியிருக்கிறது. அவர் விடவில்லை, வண்டியையும் நிறுத்தவில்லை. அவர்கள் ஆற்றோரம் சேர்ந்த சற்று நேரத்தில் நம் வீட்டுச் சாலை இரண்டு பக்கமும் மரங்களோடு பற்றி எரிந்திருக்கிறது. திரும்பியிருந்தால் என்று நெவில் சொல்லத் தொடங்கினான், நான் வாயைப் பொத்திவிட்டேன்.

"நான் வயர்லெஸ்ஸில பேசலை, நெவ். காலையிலேயே வந்துட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றான். "முதல்ல நீன்னு நினைச்சேன். கதவைத் திறந்த அப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச குரல் அது. என்னை எத்தனை தடவை சாப்பிடக் கூப்பிட்ட குரல்."

உங்கள் குரல் என்கிறான், அக்கா.

கிளாரியிடம் நான் தனியாகக் கேட்டேன். பெரிய மனிதர், வீங்கின உதட்டோடு ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கார்டன் போன அன்னைக்கு நான் இன்னொரு வண்டியில இருந்தேன்மா. அன்னைக்கும் நோரீன் பேசினது இதே வார்த்தைதான். ஒரு எழுத்து மாறலை. இத்தனை வருஷமா நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. கிளெனிஸ்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பக்கத்து அறையில் அவள் டெஸ்ஸோடு தூங்குகிறாள், தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு.

உங்களிடம் நான் எதையும் விசாரிக்க எழுதவில்லை, அக்கா. என் விரலும் அந்தப் பொத்தான் மேல் இருந்தது. இன்னும் கொஞ்சம் பயந்திருந்தால் நானும் அழுத்தியிருப்பேன். குழந்தையோ குடும்பமோ உள்ள யாரும் அழுத்துவார்கள். அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அன்று மதியம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அந்தச் சமயத்தில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? பள்ளிக்கூடத்துக்கு டிரங்க் கால் போட்டேன். உங்களைச் சில நாளாகக் காணவில்லை என்று யாரோ ஒரு பெண் சொன்னாள், அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. உங்கள் வீட்டில் போன் வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறீர்கள்.

நெவில் கப்பலேறி நேரில் வருகிறேன் என்கிறான். அதற்கு முன் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் போதும். நலம் என்று ஒரே சொல் எழுதினாலும் போதும்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
மெரின்